பெரிய நிறுவனம் அஜைலுக்கு மாறும்போது எவையெல்லாம் மாற வேண்டும்?

சென்னையில் தரமணி முதல் சிறுசேரி வரை நீளும் மென்பொருள் அலுவலகங்களில் ஏதேனும் ஒன்றில் வேலைக்குச் சேரும் இளைஞர், முதல் வாரத்திலேயே அஜைல் என்ற சொல்லைக் கேட்டுவிடுவார். காலையில் 15 நிமிடம் நின்றபடி நடக்கும் கூட்டம், ஜிரா என்ற பணிக் கண்காணிப்பு மென்பொருளில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகரும் டிக்கெட்டுகள் என்னும் பணிக் குறிப்புகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டப்படும் டெமோ ஆகியவையே அஜைல் என்று அவருக்கு அறிமுகமாகும். இந்தப் பழக்கங்களை எந்தக் குழுவும் ஓரிரு மாதங்களில் கற்றுக்கொண்டுவிட முடியும். ஆனால் பல ஆயிரம் பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் அஜைலுக்கு மாறுவதாக அறிவித்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும், வாடிக்கையாளர் கேட்ட சிறிய மாற்றம் ஒன்று அவர் கைக்குப் போய்ச் சேர முன்பு ஆன அதே காலமே ஆகிறது என்றால், குழுவுக்கு வெளியே எதுவும் மாறவில்லை என்று பொருள். பட்ஜெட் ஒதுக்கப்படும் விதம், ஒப்பந்தம் எழுதப்படும் விதம், ஒப்புதல் வழங்கப்படும் விதம், ஊழியர் மதிப்பிடப்படும் விதம் ஆகிய நான்கும்தான் பெரிய நிறுவனத்தில் அஜைலின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவருக்கு அதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படை எண்ணம்

ஒரு மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பது, தொடக்கத்தில் அதைக் கட்டுபவருக்கும் முழுமையாகத் தெரியாது, கேட்பவருக்கும் முழுமையாகத் தெரியாது. பயன்படுத்திப் பார்க்கும்போதுதான் எது தேவை, எது வீண் என்பது புலப்படும். ஆகவே சிறிதாக ஒன்றைக் கட்டி, உண்மையான பயனர் சிலரிடம் கொடுத்து, அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கவனித்து, அதிலிருந்து அடுத்த வேலையைத் தீர்மானிக்க வேண்டும். இந்தச் சுற்றைச் சில வாரங்களுக்குள் முடித்து, மறுபடியும் தொடங்க வேண்டும். அஜைலின் சாரம் இவ்வளவுதான். கூட்டங்களும் பலகைகளும் இந்தச் சுற்றை நடத்த உதவும் கருவிகள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வாகனக் காப்பீடு வழங்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருள் சோழிங்கநல்லூரில் உருவாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கியதை நாம் அறிவோம். அத்தகைய நாட்களில் இழப்பீட்டு விண்ணப்பங்கள் மலைபோலக் குவியும் என்பதால், வாடிக்கையாளர் தம் கைபேசியிலிருந்தே விண்ணப்பிக்க ஒரு செயலி வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்கிறது.

பழைய முறைப்படி, முதல் ஆறு மாதங்களில் தேவைகள் அனைத்தும் தடித்த ஆவணமாக எழுதப்பட்டுக் கையெழுத்தாகும். அதன்பின் வடிவமைப்பு, அதன்பின் நிரல் எழுதுதல், அதன்பின் சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, ஒன்றரை ஆண்டு கழித்துச் செயலி வெளிவரும். அடுத்த பெருமழையில்தான் முதல் உண்மை தெரியவரும்: பள்ளிக்கரணையில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும் வண்டியின் உரிமையாளர் வீட்டில் மின்சாரம் இல்லை, கைபேசி இணைப்பு விட்டுவிட்டு வருகிறது, பேட்டரியோ தீரும் நிலையில் இருக்கிறது. பன்னிரண்டு புகைப்படங்களை ஒரே மூச்சில் ஏற்றச் சொல்லும் திரை அவருக்கு எவ்வகையிலும் பயன்படாது. எத்தனை திறமையானவர்கள் கூடி எழுதினாலும், குளிரூட்டப்பட்ட கூட்ட அறையில் உருவான ஆவணத்தில் இந்த நிலைமை இடம்பெறுவது கடினம்.

அஜைல் முறையில் அதே குழு, முதல் ஆறு வாரங்களில் ஒரே ஒரு பாதையை மட்டும் கட்டும். பாலிசி எண்ணைத் தட்டச்சு செய்து, ஒரு புகைப்படத்தை எடுத்து அனுப்பினால் போதும்; வந்து சேர்ந்ததை ஓர் ஊழியர் கையாலேயே பழைய அமைப்பில் பதிவு செய்துகொள்ளலாம். இதைச் சில நூறு வாடிக்கையாளருக்கு மட்டும் திறந்துவிட்டால், இணைப்பு அறுந்தால் புகைப்படம் தொலைந்துவிடுகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது, வேலை எப்படித் துண்டாக்கப்பட்டது என்பதுதான். தரவுத்தளத்தை முதல் இரண்டு மாதம், சர்வர் பகுதியை அடுத்த இரண்டு மாதம், திரையைக் கடைசியாக என்று அடுக்கடுக்காகப் பிரித்தால், இறுதி நாள்வரை யாரும் எதையும் பயன்படுத்திப் பார்க்க முடியாது. மாறாக, திரையிலிருந்து தரவுத்தளம் வரை எல்லா அடுக்குகளையும் மெல்லியதாகத் தொட்டுச் செல்லும் ஒரு துண்டை எடுத்தால், அது முடிந்த அன்றே பயனர் கையில் கொடுக்கத் தக்கதாக இருக்கும். இந்தப் பிரிப்பைக் கற்றுக்கொள்வது மற்ற எல்லாச் சடங்குகளையும் விட முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் பெரும்பாலான பயிற்சி வகுப்புகளில் இதற்குக் குறைந்த நேரமே ஒதுக்கப்படுகிறது.

எங்கிருந்து வந்தது

ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வாட்டர்ஃபால் முறையை முதலில் படம் வரைந்து காட்டியவராக வின்ஸ்டன் ராய்ஸ் குறிப்பிடப்படுகிறார். 1970-இல் வெளிவந்த அவரது கட்டுரையைப் படித்தால், அந்த நேர்கோட்டு வடிவம் ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அவரே எச்சரித்திருப்பது தெரியும். ஆயினும் நேர்கோடு நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தது. எந்தக் கட்டத்தில் யார் கையெழுத்திட்டார் என்று காட்ட முடிந்தது. அந்த வசதிதான் அதை முப்பது ஆண்டுகள் நிலைக்க வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாற்று வழிகள் 1990களில் தனித்தனியாக முளைத்தன. ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995-இல் ஸ்கிரம் முறையை ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்குத் திட்டத்தில் வேலை செய்த கென்ட் பெக், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறையை உருவாக்கினார். இவர்களும் இவர்களை ஒத்த கருத்துடையவர்களுமாக 17 பேர், 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டில் கூடி, அஜைல் மேனிஃபெஸ்டோ என்ற சிறிய அறிக்கையை வெளியிட்டார்கள். செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களின் உரையாடலும், விரிவான ஆவணங்களை விட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தை விட வாடிக்கையாளருடன் இணைந்து வேலை செய்வதும், வகுத்த திட்டத்தைப் பின்பற்றுவதை விட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பதும் மேலானவை என்று அது சொல்கிறது. பின்னால் வைக்கப்பட்டவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அந்த அறிக்கையே சேர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே, அஜைலில் ஆவணமே தேவையில்லை என்றும், திட்டமே கூடாது என்றும் யாராவது சொன்னால், அவர் அறிக்கையை முழுவதும் படிக்கவில்லை என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதன் இன்னொரு வேர் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய கான்பன் அட்டை முறைதான், பிற்காலத்தில் எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் குழுக்களின் கான்பன் பலகைக்கு முன்னோடி. இந்தச் சிந்தனை சென்னைக்குப் புதிதன்று. பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-இலேயே பெற்றது. இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியே குறையைக் கண்டுபிடித்துத் தீர்வும் சொல்ல வேண்டும், அதைக் கேட்பது மேலாளரின் கடமை என்ற பண்பாட்டை இந்நகரத்துத் தொழிற்சாலைகள் சிலவாவது, மென்பொருள் துறைக்கு முன்பே முயன்று பார்த்திருக்கின்றன.

ஸ்கிரம், சுருக்கமாக

ஸ்கிரம் குழுவில் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் இருப்பார்கள். எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர் புராடக்ட் ஓனர். செய்ய வேண்டியவற்றை முன்னுரிமைப்படி அடுக்கிய பட்டியல் பேக்லாக். ஒரு மாதத்துக்கு மிகாத, பெரும்பாலும் இரண்டு வாரக் காலச் சுற்று ஸ்பிரிண்ட். முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்து, குழுவின் தடைகளை நீக்க உதவுபவர் ஸ்கிரம் மாஸ்டர். ஸ்பிரிண்டின் தொடக்கத்தில் திட்டமிடும் கூட்டமும், அன்றாடம் 15 நிமிடக் கூட்டமும், முடிவில் செய்ததைக் காட்டும் ரிவ்யூவும், வேலை செய்த விதத்தைக் குழு தானே அலசும் ரெட்ரோவும் உண்டு. இவற்றை விரிவாகச் சொல்லும் இலவச வழிகாட்டி இணையத்தில் கிடைக்கிறது, சில பக்கங்கள்தான். அதனால் இங்கே நீட்டவில்லை.

ஏழு பேருக்கு எளிது; எழுநூறு பேருக்கு?

ஏழு பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைப்புகள் 21. ஐம்பது பேர் என்றால் அவை 1,225 ஆகின்றன. ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இலேயே இந்தக் கணக்கைக் காட்டி, தாமதமாகிவிட்ட திட்டத்தில் புதிய ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடவே செய்யும் என்று விளக்கினார். ஆகவே பெரிய நிறுவனம் தன்னைச் சிறிய குழுக்களாகப் பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. சிக்கல் அந்தப் பிரிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதில் தொடங்குகிறது.

நம் காப்பீட்டு நிறுவனத்தில் நாற்பது குழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைபேசித் திரைக்கு ஒரு குழு, பாலிசித் தரவுத்தளத்துக்கு ஒரு குழு, பணம் செலுத்தும் பகுதிக்கு ஒரு குழு, மெயின்ஃபிரேம் எனப்படும் பெரிய மையக் கணினியில் ஓடும் பழைய நிரலுக்கு ஒரு குழு, சோதனைக்கு ஒரு குழு என்று தொழில்நுட்பத்தின் அடிப்படையில் அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. புகைப்படம் அனுப்பும் வசதி ஒன்றை வெளியிட இந்த ஐந்து குழுக்களும் தத்தம் பகுதியை முடித்தாக வேண்டும். ஒவ்வொரு குழுவும் சொன்ன ஸ்பிரிண்டில் முடிப்பதற்கான வாய்ப்பு 80 சதவீதம் என்று தாராளமாகவே கணக்கிடுவோம். ஐந்து குழுக்களும் ஒரே ஸ்பிரிண்டில் முடிப்பதற்கான வாய்ப்பு, 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 33 சதவீதம். அதாவது ஒவ்வொரு குழுவும் நல்ல குழுவாகவே இருந்தும், மூன்றில் இரண்டு தடவை வசதி சொன்ன நாளில் வெளிவராது. மேலிருந்து பார்க்கும் அதிகாரிக்குக் குழுக்கள் சோம்பியிருப்பதாகத் தோன்றும்; அவர் இன்னும் கூடுதலான ஒருங்கிணைப்புக் கூட்டங்களை ஏற்பாடு செய்வார்.

ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பின் வடிவம், அந்நிறுவனத்துக்குள் மனிதர்கள் பேசிக்கொள்ளும் வடிவத்தையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். அதைத் திருப்பியும் பயன்படுத்தலாம்: நமக்கு எந்த வடிவத்தில் மென்பொருள் வேண்டுமோ, அந்த வடிவத்தில் குழுக்களை அமைக்கலாம். இழப்பீட்டு விண்ணப்பம் என்ற ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துக்கொள்ளும் குழுவில், திரை எழுதுபவரும், மெயின்ஃபிரேம் தெரிந்தவரும், சோதிப்பவரும், இழப்பீட்டுப் பிரிவின் அன்றாட வேலை தெரிந்த ஓர் ஊழியரும் ஒன்றாக அமர வேண்டும். அவ்வாறு செய்தால் முன்பு ஐந்து குழுக்களுக்கு இடையே அலைந்த கேள்விகள் ஒரே மேசையில் தீரும். இது சொல்ல எளிது, செய்வது கடினம். ஏனெனில் மெயின்ஃபிரேம் பிரிவின் தலைவர் தம்மிடமிருந்த எண்பது பேரைப் பல குழுக்களுக்குப் பகிர்ந்து கொடுக்க நேரும், அவருடைய பதவியின் பொருளே மாறிப்போகும். அவருக்கு அடுத்து என்ன வேலை என்று முன்கூட்டியே நேர்மையாகப் பேசாத நிறுவனங்களில், மாற்றம் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

காத்திருப்பு என்னும் பெரும்பகுதி

புகைப்படத்தின் அளவைக் குறைத்து அனுப்ப வேண்டும் என்ற சிறிய மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அது கடந்து செல்லும் நாட்களைத் தாளில் எழுதிப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான்; ஆனால் பெரிய அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மாதம் ஒருமுறை கூடும் ஒப்புதல் குழு அனுமதி தர 20 நாள். தலைமையகத்திலிருந்து ஒரு சந்தேகத்துக்கு விளக்கம் வர 6 நாள். நிரல் எழுத 3 நாள். எழுதியதை மூத்தவர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லும்வரை 4 நாள். பல குழுக்களும் பகிர்ந்துகொள்ளும் சோதனைச் சர்வர் காலியாக 12 நாள். சோதிக்க 5 நாள். பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதலுக்கு 14 நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ரிலீஸ் நாளுக்காக 26 நாள். மொத்தம் 90 நாள். அதில் நிரல் எழுதவும் சோதிக்கவும் ஆனது 8 நாள்.

ஸ்கிரம் பயிற்சி பெற்று, குழுவினர் தங்கள் வேகத்தை இருமடங்காக்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு நாள் நான்காகும். 90 நாள் 86 ஆகும். வாடிக்கையாளர் எந்த வேறுபாட்டையும் உணர மாட்டார். "அஜைல் எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்ற முடிவுக்கு நிறுவனம் வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததால்தான். குறைக்க வேண்டியது மீதமுள்ள 82 நாளை. அங்கே ஒவ்வொரு காத்திருப்புக்கும் தனித்தனியான காரணமும் தனித்தனியான தீர்வும் இருக்கின்றன. சிறிய மாற்றங்களை முடிவு செய்யும் அதிகாரத்தைப் புராடக்ட் ஓனருக்கே கொடுத்தால், முதல் 20 நாள் பெருமளவு மறையும். பாதுகாப்புப் பிரிவின் வழக்கமான சோதனைகளைத் தானியங்கி நிரல்களாக்கி, ஒவ்வொரு முறை நிரல் சேர்க்கப்படும்போதும் அவை ஓடும்படி செய்தால், மனிதரின் பார்வைக்கு உண்மையிலேயே ஆபத்தான மாற்றங்கள் மட்டும் போகும். தேவையான நேரத்தில் சோதனைச் சர்வரை உருவாக்கி, முடிந்ததும் கலைக்கும் வசதி இன்று எந்தக் கிளவுட் சேவையிலும் உண்டு.

ரிலீஸ் நாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வருவதன் காரணத்தைத் தேடினால், அது பெரும்பாலும் பயத்தில் போய் முடியும். புதிய மாற்றத்தால் பழைய வசதிகள் கெடவில்லையா என்று கையால் பார்க்கும் ரிக்ரஷன் சோதனைக்கு மூன்று வாரம் ஆகும் இடத்தில், இரண்டு வார ஸ்பிரிண்டின் முடிவில் வெளியீடு என்பது நடக்கவே முடியாத காரியம். தானியங்கிச் சோதனைகளை எழுதாமல் அஜைலுக்கு மாற முடியாது என்பதை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையினர் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தி வந்தார்கள். இருபது ஆண்டுப் பழைய நிரலுக்குச் சோதனைகள் எழுதுவது அலுப்பூட்டும், வெளியே தெரியாத, மாதக்கணக்கில் நீளும் வேலை. அதற்கு ஆட்களையும் நேரத்தையும் ஒதுக்கும் நிறுவனத்தைக் கண்டால், அது இந்த மாற்றத்தை மனமார விரும்புகிறது என்று நம்பலாம்.

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு தேற்றமும் இங்கே உதவும். ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் என்பது, கையில் பாதியில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஒரு பிரிவில் 60 வேலைகள் தொடங்கப்பட்டு நடுவில் நிற்கின்றன, வாரத்துக்கு 5 முடிகின்றன என்றால், புதிதாக உள்ளே வரும் வேலை வெளியேற 12 வாரம் ஆகும். யாரையும் வேகமாக ஓடச் சொல்லாமல், நடுவில் நிற்பவற்றை 20 ஆகக் குறைத்தாலே 4 வாரம் போதும். கான்பன் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உச்ச வரம்பு வைப்பதன் காரணம் இதுதான். பெரிய நிறுவனங்கள் மிகவும் சிரமப்படும் இடம் இது. எல்லாப் பிரிவுத் தலைவரும் தம் வேலை தொடங்கப்பட்டுவிட்டது என்று கேட்கவே விரும்புகிறார்கள், எனவே எல்லாம் தொடங்கப்பட்டு எதுவும் முடியாமல் நிற்கிறது.

பணமும் ஒப்பந்தமும்

சென்னையின் மென்பொருள் வேலையில் பெரும்பகுதி வேறொரு நிறுவனத்துக்காகச் செய்யப்படுவது. வாடிக்கையாளர் நிறுவனம் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும். இங்கே இருப்பது சேவை நிறுவனம். இன்னது, இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குள் என்று மூன்றையும் பூட்டிவிடும் ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்யும் குழு, பயனரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டாலும் பயனில்லை. ஒவ்வொரு மாற்றமும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்ற பெயரில் இரு தரப்பு மேலாளர்களின் பேரமாக மாறும். புகைப்படங்கள் பன்னிரண்டு வேண்டாம், ஒன்று போதும் என்று தெரிந்த பிறகும், ஒப்பந்தத்தில் பன்னிரண்டு என்று இருப்பதால் பன்னிரண்டையே கட்டிக் கொடுப்பார்கள்.

இதற்கு மாற்றாக, குறிப்பிட்ட குழுவின் உழைப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிக்கொண்டு, என்ன செய்வது என்பதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சேர்ந்து முடிவு செய்யும் ஒப்பந்தங்கள் இன்று வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. வாடிக்கையாளருக்கு இதில் இயல்பான அச்சம் உண்டு: பணம் போய்க்கொண்டே இருக்கும், பொருள் வராமல் போய்விடுமோ என்று. அந்த அச்சத்தை வாதத்தால் போக்க முடியாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருளைக் கொடுப்பதும், திருப்தி இல்லையெனில் குறுகிய முன்னறிவிப்பில் விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவதும்தான் அதைப் போக்கும். நிறுவனத்துக்குள்ளேயே கட்டப்படும் மென்பொருளுக்கும் இது பொருந்தும். ஏப்ரலில் ஓர் ஆண்டுக்கான தொகையை ஒவ்வொரு திட்டத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் ஒரு திட்டம் பயனற்றது என்று தெரிந்தாலும், அந்தத் தொகையை வேறிடத்துக்கு மாற்ற முடியாத நிதி நடைமுறை இருக்கும்வரை, குழுக்கள் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திட்டமிடுவதில் பெரிய பயன் இல்லை. நிலையான குழுக்களுக்கு நிதி ஒதுக்கி, அவற்றின் வேலையைக் காலாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வது நடைமுறைக்கு ஏற்ற வழி.

தொலைவும் இதில் சேர்கிறது. கோடையில் நியூயார்க்கைவிட நாம் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் முன்னால் இருக்கிறோம். புராடக்ட் ஓனர் அங்கே இருந்தால், சென்னையில் காலை பத்து மணிக்கு எழும் சந்தேகத்துக்கு அன்று மாலைக்கு முன் பதில் வராது. ஒரு கேள்விக்கு ஒரு நாள் போய்விடும். பத்து நாள் ஸ்பிரிண்டில் நான்கு கேள்விகள் எழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணிக்குச் சென்னைக் குழுவை அழைப்பில் உட்கார வைப்பது தீர்வாகாது. குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டிலிருந்து வருபவர்கள் அதைப் பல ஆண்டுகள் தாங்க மாட்டார்கள். அன்றாட முடிவுகளை எடுக்கும் உண்மையான அதிகாரத்துடன் ஒருவர் சென்னையிலேயே இருக்க வேண்டும். பெயரளவில் ஒருவரை நியமித்து, எல்லாவற்றுக்கும் அவர் அங்கே கேட்டுச் சொல்லும்படி வைப்பதால் இடையில் ஒரு நிறுத்தம்தான் கூடும்.

மதிப்பீடும் பதவிப் படிநிலையும்

ஆண்டு இறுதியில் குழு உறுப்பினர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று கட்டாயப்படுத்தும் அப்ரைசல் முறை இருக்கும் இடத்தில், சக ஊழியருக்கு உதவுவது தன் வாய்ப்பைக் குறைத்துக்கொள்வதாகிறது. அங்கே குழுவாக இயங்குங்கள் என்று பயிற்சி கொடுப்பது மனிதர்களைச் சங்கடத்தில் தள்ளும். குழுவின் விளைவுக்கு மதிப்பீட்டில் கணிசமான பங்கு கொடுக்காமல் இந்த முரண்பாடு தீராது.

படிநிலை இன்னும் நுட்பமான தடை. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பெரியவர் சொன்னதை மறுத்துப் பேசாமல் வளர்ந்த ஒருவர், வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதத்தில், மேலாளர் அமர்ந்திருக்கும் ரெட்ரோ கூட்டத்தில், "சார், நீங்கள் சொன்ன தேதியில் இது முடியாது" என்று சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவர் தலையசைத்துவிட்டு, ஸ்பிரிண்டின் கடைசி நாள்வரை தனியே போராடுவார். காலைக் கூட்டமும் மேலாளருக்கு ஒவ்வொருவராக ஒப்பிக்கும் கூட்டமாக மாறிவிடும். மேலாளர் விடுப்பில் இருக்கும் நாளில் கூட்டம் நடக்கிறதா என்று பார்த்தாலே இது விளங்கும். மாற வேண்டிய முதல் ஆள் இங்கே மேலாளர்தான். கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்வது, தேதியைத் தாம் சொல்லாமல் வேலை செய்பவரைச் சொல்ல விடுவது, ரெட்ரோவில் குழு கேட்ட ஒரு சிறிய மாற்றத்தையாவது அடுத்த வாரமே நிறைவேற்றிக் காட்டுவது போன்ற செயல்களைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்த பிறகே இளையவர்கள் வாய் திறப்பார்கள்.

வெலாசிட்டி என்னும் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஒரு குழு தன் அடுத்த ஸ்பிரிண்டில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தானே ஊகிக்க உதவும் எண் அது; வேலையின் அளவுக்குக் குழு கொடுக்கும் புள்ளிகளைக் கூட்டி அது கிடைக்கிறது. அதை வைத்துக் குழுக்களை ஒப்பிட்டு மாத அறிக்கை தயாரிக்கத் தொடங்கினால், முன்பு மூன்று புள்ளி என்று மதிப்பிட்ட வேலையைக் குழு ஐந்து புள்ளி என்று மதிப்பிடும். எண் உயரும், வேலை அப்படியே இருக்கும்.

எங்கே தொடங்குவது

பல குழுக்களை ஒருங்கிணைக்க ஆயத்த முறைகள் சில உண்டு. 2011-இல் வெளியான சேஃப் (SAFe) முறை, 50 முதல் 125 பேர் வரையிலான குழுக்களின் தொகுப்பை எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாகக் கூட்டித் திட்டமிடச் செய்கிறது. லெஸ் (LeSS) முறை, எட்டுக் குழுக்கள் வரை ஒரே பேக்லாக், ஒரே புராடக்ட் ஓனர் என்று எளிமையை நாடுகிறது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் தன் குழுக்களை அமைத்திருந்த விதம் பற்றி 2012-இல் வெளியான விவரிப்பையும் பலர் அப்படியே நகலெடுத்தார்கள். அதுவோ ஒரு நிறுவனம் ஒரு காலத்தில் இருந்த நிலையைப் பதிவு செய்தது மட்டுமே. எந்த முறையை எடுத்தாலும், மேலே சொன்ன காத்திருப்புகளை அது குறைக்கிறதா என்ற ஒரே கேள்வியால் அளக்கலாம்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்றுவதா, சிறிதாகத் தொடங்குவதா என்பதில் இரு வழிக்கும் முன்னுதாரணம் உண்டு. வெளியீடுகளுக்கு இடையிலான காலம் நீண்டுகொண்டே போனதைக் கண்ட சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம், 2006-இல் தன் உருவாக்கக் குழுக்களைச் சில மாதங்களுக்குள் ஒருசேர மாற்றியது. நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி, 2015-இல் தன் தலைமையகத்தின் ஏறத்தாழ 3,500 பேரை, வணிகப் பிரிவினரும் மென்பொருள் பிரிவினரும் கலந்த சிறு குழுக்களாக மறுசீரமைத்தது. ஊழியர்கள் தங்கள் பணியிடங்களுக்குப் புதிதாக விண்ணப்பிக்கக்கூட வேண்டியிருந்தது. அவ்வளவு துணிச்சலும், அதைத் தாங்கும் தலைமையும் எல்லா இடத்திலும் இருக்காது.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அனுபவம் வேறு வகை. வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் அதன் முதல் திட்டம், ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவுக்குப் பின் 2005-இல் கைவிடப்பட்டது. அடுத்து 2006-இல் தொடங்கிய சென்டினல் திட்டமும் தாமதத்திலும் கூடுதல் செலவிலும் சிக்கியபோது, 2010-இல் எஃப்பிஐ அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்களின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்து, குறுகிய ஸ்பிரிண்டுகளாக நடத்தியது. 2012-இல் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே மாறியது கூட்டங்களின் பெயர் மட்டுமன்று. யார் முடிவெடுக்கிறார், வேலை யாருடைய கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்து மாறியது.

பெரும்பாலான நிறுவனங்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஒரு முழுப் பாதையைத் தேர்ந்தெடுப்பதை. யாருக்கும் முக்கியமில்லாத உள்ளலுவல் மென்பொருள் ஒன்றை வெள்ளோட்டமாக எடுத்தால், வெற்றி பெற்றாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு ஒப்புதல் தடைகளும் இராது என்பதால் கற்றுக்கொள்ளவும் எதுவும் கிடைக்காது. இழப்பீட்டு விண்ணப்பம் போன்ற, வாடிக்கையாளரைத் தொடும் ஒரு வேலையை எடுத்து, அதற்கான மூன்று நான்கு குழுக்களோடு, நிதிப் பிரிவிலிருந்து ஒருவர், பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர், மனிதவளத்திலிருந்து ஒருவர் ஆகியோரையும் தொடக்கம் முதலே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடை எதிர்ப்படும்போதும், அந்த ஒரு பாதைக்கு மட்டும் விதியைத் தளர்த்தும் அதிகாரம் உள்ள மூத்த அதிகாரி ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். அவர் இல்லையென்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

ஓர் ஆண்டு கழித்து, மாற்றம் நடந்திருக்கிறதா என்று அறிய, எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்று எண்ண வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியீடு நடக்கிறது, எழுதிய நிரல் பயனரைச் சேர எத்தனை நாள் ஆகிறது, வெளியீடுகளில் எத்தனை சதவீதம் பழுதாகின்றன, பழுது ஏற்பட்டால் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்னும் நான்கு அளவுகளை நிக்கோல் ஃபோர்ஸ்கிரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல ஆண்டு ஆய்வின் அடிப்படையில் முன்வைத்திருக்கிறார்கள். துறையில் இன்று அவை பரவலாக ஏற்கப்பட்டவை. அவற்றை அளக்கும் வசதி இன்னும் இல்லையென்றால், கடைசியாக வெளியான ஐந்து மாற்றங்களை எடுத்து, அவை முதலில் கேட்கப்பட்ட தேதியையும் பயனரைச் சேர்ந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி, சென்ற ஆண்டின் ஐந்து மாற்றங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும், யாருடைய அனுமதியும் பெரும்பாலும் தேவைப்படாது.